ராச்சாவின் ஃபிராங்கோவ்கா: கேள்வி பதில்

ஸ்லோவாக்கியத் தலைநகர் பிராத்திஸ்லாவாவின் வடகிழக்கு ஓரத்தில், சின்ன கார்பாத்திய மலையடிவாரத்தில் இருக்கிறது ராச்சா. 1946 வரை அது தனி ஊர். ஃபிராங்கோவ்கா என்ற திராட்சையிலிருந்து அங்கே செய்யும், அதே பெயர் கொண்ட சிவப்பு ஒயினைப் பற்றி நீங்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள்.

கேள்வி: இது ஸ்லோவாக்கியாவில் மட்டும் விளையும் திராட்சையா?

பதில்: இல்லை. ஆஸ்திரியாவில் பிளாவ்ஃபிராங்கிஷ், ஹங்கேரியில் கேக்ஃபிராங்கோஷ், ஜெர்மனியில் லெம்பெர்கர். கொடி ஒன்றுதான், எல்லை தாண்டினால் பெயர் மாறிவிடும்.

கேள்வி: பிறகு ராச்சாவுக்கு மட்டும் ஏன் இத்தனை புகழ்?

பதில்: நிலத்தைப் பார்த்தால் புரியும். அந்தச் சரிவு முழுவதும் கருங்கல் சிதைந்த மணலும் சரளையும். மழைநீர் தங்காது, வேர் ஆழத்துக்கு இறங்கியே ஆகவேண்டும். கொடி கண்டபடி தழைக்காது, பழம் அளவோடு காய்க்கும். உழவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கிய கற்கள் தோட்ட ஓரங்களில் நீண்ட மேடுகளாகக் கிடக்கின்றன. 'ரூனி' என்பார்கள். வெயில் காலத்தில் பொழுது சாய்ந்த பிறகு அதன்மேல் கை வைத்துப் பாருங்கள், அடுப்பு அணைத்த மேடை போல இளஞ்சூடு இருக்கும். பல்லிகளுக்குக் கொண்டாட்டம்.

கேள்வி: அப்படியானால் ஒயினில் கல்லின் சுவை இருக்குமா?

பதில்: விற்பவர்கள் சொல்வார்கள். நான் நம்புவதில்லை. வேர் பாறையின் சுவையை உறிஞ்சிக் கோப்பையில் ஊற்றுவதில்லை. கல் செய்வதெல்லாம் நீரை வடிப்பதும் வெப்பத்தைக் காப்பதும்தான்.

கேள்வி: நான் வாங்கிய பாட்டில் ஒரே புளிப்பு. ஏமாற்றிவிட்டார்களா?

பதில்: அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். ஃபிராங்கோவ்காவின் பிறவிக் குணமே புளிப்பு. மேலும் அது சீக்கிரம் துளிர்த்துத் தாமதமாகப் பழுக்கும். முன்னால் வசந்தகால உறைபனி, பின்னால் அக்டோபர் மழை. இரண்டுக்கும் நடுவில் தப்பிக்க வேண்டும். வடமேற்குக் காற்றை மலை தடுக்கிறது, தென்கிழக்குச் சரிவில் காலை வெயில் விழுகிறது. அவ்வளவுதான் துணை. நல்ல ஆண்டில் கருஞ்செர்ரியின் மணமும் மெல்லிய துவர்ப்பும் வரும். குளிர்ந்த ஆண்டில் பல் கூசும். பாட்டிலில் ஆண்டைப் பார்த்தீர்களா?

கேள்வி: மரியா தெரசா அரசி இதைக் குடித்தாராமே?

பதில்: அன்று இந்தப் பகுதியையும் ஆண்ட ஹாப்ஸ்பர்க் அரசி அவர். 1767இல் அரசவைக்கு இந்த ஒயினை அனுப்பும் உரிமையை அவர் தந்தார் என்று ராச்சாக்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். மருத்துவர் மருந்தாகக் கொடுத்தார் என்ற கதையும் உண்டு. அதைக் கதையாகவே வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: 'ஸ்காலிட்சா ரூபின்' இதுதானா?

பதில்: வேறு. அது மேற்கெல்லை ஊரான ஸ்காலிட்சாவின் கலப்பு ஒயின். ஃபிராங்கோவ்கா அதில் ஒரு பங்கு மட்டுமே.

கேள்வி: எதோடு குடிப்பது?

பதில்: அடுப்பில் வாட்டிய பெருவாத்தும், அதன் கொழுப்பைத் தடவிய 'லோக்ஷே' என்ற உருளைக்கிழங்கு ரொட்டியும். நீங்கள் குறை சொன்ன அதே புளிப்பு அந்தக் கொழுப்பை அறுத்துக்கொண்டு போகும். மீதி பாட்டிலை வீசிவிடவில்லையே?