பியூலியில் ஒரு ஃப்ளாட் – கடிதம்

அன்புள்ள அண்ணா,

ஸ்காட்லாந்தில் இன்வர்னஸ் நகரில் நர்ஸாக வேலை பார்க்கிறேன். வாடகை கொடுத்துச் சலித்துவிட்டது. பியூலி கிராமத்தில் ஒரு ஃப்ளாட் பார்த்திருக்கிறேன். பழைய கல் கட்டடம், கீழே ஒரு கடை, மேலே நான்கு வீடுகள். ஒரே ஒரு படுக்கையறை. 'ஆஃபர்ஸ் ஓவர் 90,000 பவுண்ட்' (அதற்கு மேலே கேளுங்கள்) என்று போட்டிருக்கிறார்கள். ஹோம் ரிப்போர்ட்டில் (விற்பவர் தரும் வீட்டு ஆய்வறிக்கை) மதிப்பு 95,000. வேறு இரண்டு பேரும் கேட்டிருப்பதால் அடுத்த வெள்ளி மதியம் க்ளோசிங் டேட், அதாவது விலை எழுதிக் கொடுக்கக் கடைசி நேரம். ஏஜென்ட் பேசுவதைப் பார்த்தால் 1,05,000 போட்டால்தான் கிடைக்கும்போல. முதல் வீடு என்பதால் வரி இல்லை என்று தோழி சொன்னாள். (ஊரில் அப்பா வீட்டை என் பேருக்கு எழுதிவைத்துவிட்டார். ஆனால் அது அங்கேதானே இருக்கிறது.) "மண் இல்லாத வீட்டை வாங்கி என்னம்மா செய்யப்போறே" என்கிறார் அப்பா. வாங்கலாமா?

ம., இன்வர்னஸ்

அன்புள்ள ம.,

அடைப்புக்குறிக்குள் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன். ஸ்காட்லாந்தில் 1,45,000 பவுண்ட் வரை யாருக்குமே சாதாரண வரி கிடையாது. முதல் வீடு வாங்குகிறவருக்கு அந்த வரம்பு 1,75,000. ஆனால் கூடுதல் வீட்டுக்கு என்று தனியாக ஒரு வரி இருக்கிறது. 2024 டிசம்பரிலிருந்து அது 8 சதவீதம், மொத்த விலைக்கும். உலகத்தில் எந்த மூலையில் உங்கள் பேரில் வீடு இருந்தாலும் அது கணக்கில் வரும். 40,000 பவுண்டுக்குக் கீழே மதிப்புள்ள வீடு என்றால் மட்டும் விட்டுவிடுவார்கள். ரூபாயில் நாற்பது லட்சத்துக்கு மேல். இன்றைக்குத் தமிழ்நாட்டில் ஓரளவு பெரிய ஊரில் இருக்கும் தனிவீடு பெரும்பாலும் அதைத் தாண்டிவிடும். அப்பா பாசத்தில் எழுதிவைத்த பத்திரம் இங்கே உங்களுக்குச் செலவு வைக்கப்போகிறது. வீடு வாங்கித் தரும் வக்கீலான சொலிசிட்டரிடம் இதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

இப்போது 1,05,000 போட்டால் கையிலிருந்து எவ்வளவு போகும் என்று கூட்டிப் பாருங்கள். வங்கி 95,000 என்ற மதிப்பை வைத்துத்தான் கடன் கொடுக்கும். பத்து சதவீத முன்பணம் 9,500. மதிப்புக்கு மேலே போடும் 10,000 முழுக்க உங்கள் கைக்காசு. கூடுதல் வரி 8,400. ஆக 27,900 பவுண்ட், சொலிசிட்டர் கட்டணம் இல்லாமலே. ஒரு படுக்கையறைக்கு இது அதிகம் என்பது என் அபிப்பிராயம். உறையில் போட்டுக் கொடுக்கும் ஏலம் இது. அடுத்தவர் என்ன போட்டார் என்று உங்களுக்குத் தெரியாது, ஏஜென்ட் விற்பவரின் ஆள். உங்களால் தாங்க முடிந்த தொகையைப் போட்டுவிட்டு நைட் டியூட்டிக்குப் போங்கள். கிடைக்காவிட்டால் இன்னொன்று வரும்.

விலையைவிட நான் கவலைப்படுவது கூரையைப் பற்றி. டெனமென்ட் என்றால் இதுபோல் பல ஃப்ளாட்கள் சேர்ந்த கட்டடம். 2004ஆம் ஆண்டு டெனமென்ட் சட்டப்படி, பத்திரத்தில் வேறு மாதிரி எழுதியில்லாவிட்டால், கூரை, வெளிச்சுவர், அஸ்திவாரம் எல்லாவற்றின் பராமரிப்பும் எல்லோர் தலையிலும் விழும். நீங்கள் முதல் மாடியில் இருந்தாலும் மேலே ஸ்லேட் (கூரைக் கல் ஓடு) கழன்றால் உங்கள் பங்கு உண்டு. கீழே இருக்கும் கடையும் சட்டத்தின் கண்ணில் ஒரு ஃப்ளாட்தான். பொதுவாக ஆளுக்குச் சமபங்கு. பெரிய ஃப்ளாட்டின் பரப்பு சிறியதைப்போல் ஒன்றரை மடங்கைத் தாண்டினால் பரப்புக்கு ஏற்ற பங்கு, அது உங்களுக்கு லாபம். பழைய பத்திரங்களிலோ அந்தக் காலத்து வரி மதிப்பை வைத்துப் பங்கு பிரித்திருப்பார்கள். அதையும் சொலிசிட்டரைப் படித்துச் சொல்லச் சொல்லுங்கள்.

வீடு பார்க்கப் போகும்போது தெருவின் எதிர்ப்பக்கம் நின்று அண்ணாந்து பாருங்கள். புகைக்கூண்டின் ஓரத்தில் புல் முளைத்திருக்கிறதா, கூரை ஓரத்து மழைத்தண்ணீர்த் தகரத்துக்குக் கீழே கல்சுவரில் பச்சைக் கறை இறங்கியிருக்கிறதா? ஹோம் ரிப்போர்ட்டில் ஒவ்வொரு பாகத்துக்கும் 1, 2, 3 என்று போட்டிருப்பார்கள். 3 என்றால் உடனே பார்க்க வேண்டிய பழுது. கூரைக்கு 3 இருந்தால், ஸ்லேட்டைவிடச் சாரம் கட்டும் கூலியே பயமுறுத்தும். மற்ற மூன்று வீட்டில் யார் குடியிருக்கிறார்கள் என்று கீழ்க் கடையில் ஒரு டீ வாங்கிக்கொண்டு விசாரியுங்கள். விடுமுறைக்கு மட்டும் வருகிறவர்கள் என்றால் கடிதம் போட்டால் பதில் வராது. பழுது பார்க்க ஐந்தில் மூன்று ஓட்டு போதும் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் அவர்களிடமிருந்து பணம் வாங்குவது வேறு கதை.

சூடேற்ற எது இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. இரவில் மலிவான மின்சாரத்தில் சூட்டைச் சேமித்து வைக்கும் பழைய ஸ்டோரேஜ் ஹீட்டர் என்றால் மீட்டரையும் பாருங்கள். ரேடியோ சமிக்ஞையால் இயங்கும் பழைய மீட்டர்களை 2025 ஜூன் கடைசியிலிருந்து படிப்படியாக நிறுத்த ஆரம்பித்தார்கள். டிசம்பரில் அங்கே பகல் வெளிச்சமே ஆறரை மணி நேரம்தான்.

அப்பாவிடம் சொல்லுங்கள்: இங்கே ஃப்ளாட் இங்கிலாந்தைப்போல் நீண்ட குத்தகை அல்ல, சொந்தமே. ஆனால் மண் விஷயத்தில் அவர் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. பத்திரம் வேறு சொல்லாதவரை கட்டடத்தின் அடிமண் தரைத்தளத்துக்காரருடையது. கட்டடத்தை இடித்து மனையை விற்கும் நாள் வந்தால் அந்தப் பணத்தில் உங்களுக்கும் பங்கு உண்டு.

பியூலி நல்ல தேர்வு. 2002இல் திரும்பத் திறந்த ஸ்டேஷன், இன்வர்னஸுக்கு நேர் ரயில். ப்ளாட்பாரம் ரொம்பக் குட்டி, ஒரு கதவுதான் திறக்கும், எந்தப் பெட்டி என்று பார்த்து ஏறுங்கள். கூரை நன்றாக இருந்தால் 97,000 போடுங்கள். இல்லையென்றால் 90,000க்கு மேல் ஒரு பவுண்ட் வேண்டாம்.