மூன்று புள்ளியும் நேராக வந்த பிறகும் கோடு தவறுமா?

கேள்வி: 2எக்ஸ் + 3ஒய் = 12 என்ற சமன்பாட்டுக்கு வரைபடம் வரைந்தேன். ஒய்யைத் தனியாகப் பிரித்து, ஒய் = 4 − 2எக்ஸ் என்று எழுதினேன். (0, 4), (1, 2), (2, 0) ஆகிய மூன்று புள்ளிகளும் ஒரே நேர்கோட்டில் விழுந்தன. ஆனால் புத்தகத்தின் விடையில் கோடு (6, 0) வழியாகப் போகிறது. மூன்று புள்ளி நேராக வந்தால் சரி என்றுதானே படித்தோம்?

பதில்: அது பாதி சோதனைதான். நீங்கள் வரைந்தது ஒய் = 4 − 2எக்ஸ் என்ற சமன்பாட்டுக்கு மிகச் சரியான கோடு. அதுவும் நேரியல் சமன்பாடு என்பதால் அதன் புள்ளிகள் நேராகத்தான் விழும். கணக்குப் போட்டதிலோ தாளில் குறித்ததிலோ பிழை இருந்தால் மூன்றாவது புள்ளி விலகி நின்று காட்டிக்கொடுக்கும். பிரித்து எழுதியதே தவறு என்றால் அதற்குத் தெரியாது.

3ஒய் = 12 − 2எக்ஸ் என்பது வரை நீங்கள் சரியாகவே வந்திருப்பீர்கள். அடுத்த வரியில் 12ஐ மட்டும் 3ஆல் வகுத்துவிட்டு 2எக்ஸை அப்படியே விட்டுவிட்டீர்கள். வகுத்தால் வலப்பக்கம் முழுவதையும் வகுக்க வேண்டும். என் மாணவர்களிடம் நான் வற்புறுத்துவது இதுதான்: ஒய் = (12 − 2எக்ஸ்)/3 என்று எழுதி, அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். புள்ளி கண்டுபிடிக்க அதுவே போதும். மேலும் பிரிக்கப் போனால்தான் இந்தப் பிழை நுழைகிறது.

சரி, எக்ஸுக்கு எந்த எண்களை எடுப்பது? 1 எடுத்தால் ஒய் 10/3, அதாவது 3.33... அதை வரைபடத்தாளில் துல்லியமாகக் குறிக்க முடியாது. வகுக்கும் எண் 3 என்பதால் 3இன் மடங்குகளை எடுங்கள். எக்ஸ் −3, 0, 3, 6 என்றால் ஒய் முறையே 6, 4, 2, 0. (−3 போடும்போது 12 − (−6) = 18 என்று வரும்; அந்த இரட்டைக் குறியைக் கவனியுங்கள்.) உங்கள் புத்தகம் சொல்லும் (6, 0) இதோ வந்துவிட்டது.

இனி மீதிப் பாதி சோதனை. கிடைத்த புள்ளியைப் பிரித்து எழுதிய வரியில் போட்டுப் பார்க்காமல், கொடுத்த சமன்பாட்டிலேயே போடுங்கள். உங்கள் (1, 2) புள்ளிக்கு 2 + 6 = 8; 12 வரவில்லை. ஆனால் (0, 4) புள்ளிக்கு 0 + 12 = 12, பொருந்திவிடுகிறது! எக்ஸ் பூச்சியமானதும் நீங்கள் தவறவிட்ட உறுப்பே மறைந்துபோவதுதான் காரணம். எனவே எக்ஸ் பூச்சியமாக இருக்கும் புள்ளியை மட்டும் சோதித்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால், விடைப் பக்கத்தைப் புரட்டாமலே உங்கள் கோட்டை நீங்கள் நம்பலாம்.

அப்புறம், ஒய்யே இல்லாத எக்ஸ் = 4 போன்ற சமன்பாட்டில் பிரிக்க எதுவும் இல்லை. எக்ஸ் அச்சில் 4 வழியாக ஒரு செங்குத்துக் கோடு, அவ்வளவுதான்.

அடுத்து 3எக்ஸ் − 2ஒய் = 6 வரைந்து பாருங்கள். எக்ஸுக்கு இரட்டை எண்களை எடுங்கள். (4, 3) உங்கள் கோட்டில் இருக்க வேண்டும்.