பி.ஏ. வரலாறு தாராளமாகச் சேருங்கள், தமிழ்வழியா என்று மட்டும் கேட்டுச் சேருங்கள்

கேள்வி: பள்ளிபாளையத்துல தறி ஓட்டறோமுங்க. பாப்பா ஒண்ணாப்புல இருந்து பன்னெண்டு வரைக்கும் கவர்மெண்ட் ஸ்கூல், தமிழ் மீடியம். நாங்க எம்.பி.சி. பி.ஏ. வரலாறு படிச்சு கவர்மெண்ட் வேலைக்குப் போறேங்கறா. ஆர்ட்ஸ் படிச்சா ஸ்காலர்ஷிப் எதுவும் வராதுன்னு சொந்தக்காரங்க சொல்றாங்க. என்னங்க பண்றது?

பதில்: வராது என்பது தவறுங்க, அம்மா. உங்கள் மகளுக்குக் கிடைக்கக்கூடிய உதவி போதுமான அளவு இருக்கிறது. அது கைக்கு வராமல் போவதற்குப் பெரும்பாலும் சேர்க்கை வாரத்தில் எடுக்கும் அவசர முடிவும் வங்கிக் கணக்கும்தான் காரணம்.

முதலில் புதுமைப் பெண் திட்டம். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த மாணவிக்குப் பட்டம் முடியும் வரை மாதம் 1,000 ரூபாய். மூன்றாண்டுக்கு 36,000. வருமான வரம்பு இல்லை. வேறு உதவித்தொகை வாங்கினாலும் இது தனியாக வரும். கல்லூரியில் இதற்கென ஒரு பொறுப்பாசிரியர் இருப்பார், அவர் வழியாகத்தான் பதிவு. தொலைதூரக் கல்வியில் சேர்ந்தால் கிடையாது. பையன்களுக்கு இதே தொகை தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் உண்டு. 2024 ஆகஸ்ட் 9-இல் கோவை அரசு கலைக் கல்லூரியில்தான் அதைத் தொடங்கிவைத்தார்கள்.

இந்தப் பணம் நிற்கும் இடம் பெரும்பாலும் வங்கிதான். கணக்கில் ஆதார் எண்ணைக் கொடுத்துவிட்டோம், போதும் என்று இருந்துவிடுகிறார்கள். அரசுப் பணம் ஆதார் எண்ணைப் பார்த்து வருவது. வங்கிகளுக்கிடையே பணத்தை அனுப்பும் என்.பி.சி.ஐ. அமைப்பில் அந்த எண் எந்த வங்கியோடு பிணைந்திருக்கிறதோ அங்கேதான் போய் விழும். எட்டாவது படிக்கும்போது திறந்து, வருஷக்கணக்கில் தொடாமல் விட்ட கணக்கோடு பிணைந்திருந்தால் பணம் திரும்பிவிடும். ஆதார் இணையதளத்தில் வங்கி இணைப்பு நிலையைப் பார்க்கலாம், அதற்கு ஆதாரில் உள்ள செல்போன் எண் உங்கள் கையில் இருக்க வேண்டும். ரீசார்ஜ் செய்யாமல் விட்ட பழைய நம்பராக இருந்தால் முதல் வேலையாக அதை மாற்றுங்கள். அடுத்தது இனிஷியல். ஆதாரில் பெயருக்குப் பின்னால், மார்க் ஷீட்டில் முன்னால், வங்கியில் இனிஷியலே இல்லை என்று மூன்று விதமாக இருந்தால் சரிபார்ப்பில் தட்டும். மார்க் ஷீட்டில் உள்ளபடி மற்ற இரண்டையும் மாற்றுங்கள். மார்க் ஷீட்டைத் திருத்தப் போனால் மாதக்கணக்கில் அலைய வேண்டும்.

இரண்டாவது, பி.சி., எம்.பி.சி., சீர்மரபினருக்கான இலவசக் கல்வி உதவித்தொகை. அரசு, அரசு உதவி பெறும் கல்லூரிகளில் மூன்றாண்டு பி.ஏ., பி.எஸ்சி., பி.காம். படிப்போருக்கு இதில் வருமான வரம்பு கிடையாது. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். உதவி பெறும் கல்லூரி ஒன்றிலேயே காலையில் உதவி பெறும் பிரிவும் மதியம் சுயநிதிப் பிரிவும் நடக்கும். கல்லூரிப் பெயரைப் பார்த்துப் பணம் கட்டிவிட்டு, நம் பெண் சுயநிதியில் இருக்கிறாள் என்பது பிறகு தெரியவந்தால் கட்டணக் கணக்கே மாறிவிடும். ரசீது போடும் முன் கேளுங்கள். உங்களுக்குக் குமாரபாளையம் அரசு கல்லூரியும் ஈரோடு சிக்கய்ய அரசு கல்லூரியும் பக்கம். அரசு டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமும் இல்லை. நான் சொல்வது அரசுக் கல்லூரிதான்.

முதல் பட்டதாரிச் சான்றுக்காகத் தாலுகா ஆபீஸ் அலைய வேண்டாம். அந்தக் கட்டணச் சலுகை கவுன்சிலிங் வழியாக இன்ஜினியரிங் போன்ற தொழிற்படிப்புகளில் சேர்பவர்களுக்கானது.

மத்திய அரசின் கல்லூரி மாணவர் உதவித்தொகை ஆண்டுக்கு 12,000 ரூபாய். பன்னிரண்டாம் வகுப்பில் 80 பெர்சன்டைலுக்கு மேல் (80 மார்க் அல்ல, தேறியவர்களில் முதல் 20 விழுக்காட்டுக்குள்), குடும்ப வருமானம் ஆண்டுக்கு 4.5 லட்சத்துக்குள், வேறு உதவித்தொகை எதுவும் வாங்கக் கூடாது என்பது விதி. புதுமைப் பெண்ணிலும் ஆண்டுக்கு அதே 12,000 வருகிறது, புதுப்பிக்க மதிப்பெண் நிபந்தனையும் இல்லை. ஆகவே உங்கள் மகளுக்கு இது தேவையில்லை. தனியார் பள்ளியில் படித்து பி.ஏ. சேரும் பிள்ளைகள்தான் இதை விடக் கூடாது.

இனி, இத்தனை பணத்தையும்விடப் பெரியது ஒன்று. தமிழக அரசு வேலைக்கு ஆள் எடுக்கும் டி.என்.பி.எஸ்.சி. தேர்வுகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 விழுக்காடு இடம் தனியாக உண்டு. 2020-இல் சட்டத்தைத் திருத்திய பிறகு, ஒன்றாம் வகுப்பிலிருந்து அந்த வேலைக்குக் கேட்கும் கல்வித்தகுதி வரை முழுவதும் தமிழ்வழியாக இருக்க வேண்டும். குரூப் 4-க்குப் பத்தாம் வகுப்பு போதும், அதனால் அங்கே உங்கள் மகளுக்கு உரிமை ஏற்கெனவே இருக்கிறது. குரூப் 2-க்கும் குரூப் 1-க்கும் பட்டம் வேண்டும். பி.ஏ.வை ஆங்கிலவழியில் சேர்த்தால் பன்னிரண்டு வருடம் சேர்த்துவைத்த உரிமை அந்த இரண்டிலும் போய்விடும். இங்கிலீஷ் வரட்டும் என்று ஆசைப்பட்டு நம் பக்கத்துப் பெற்றோர் செய்யும் இந்த ஒரு தவறுதான் எனக்கு மிகவும் வருத்தம் தருவது. இங்கிலீஷைத் தனியாகக் கற்றுக்கொள்ளலாம், இந்த உரிமையைப் பிறகு வாங்க வழியில்லை. பரீட்சையைத் தமிழில் எழுதினால் போதாது. சேர்க்கைப் பதிவிலேயே தமிழ்வழி என்று இருக்க வேண்டும்.

18 வயது ஆனதும் குரூப் 4 எழுதட்டும் (வி.ஏ.ஓ., வனக் காப்பாளர் போன்ற சில பணிகளுக்கு 21 வேண்டும்). 200 கேள்வி, 300 மதிப்பெண். அதில் தமிழ்ப் பகுதி 150. அதில் 60 எடுக்காவிட்டால் மீதியைத் திருத்தவே மாட்டார்கள். நாமக்கல் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் வகுப்பு இலவசம். ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த சமூக அறிவியல் புத்தகங்களை எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

கலெக்டர் ஆசை இருந்தால் அதற்கும் வழி உண்டு. பட்டம் முடித்ததும் தமிழக அரசின் ‘நான் முதல்வன்’ திட்டத் தேர்வில் ஆண்டுதோறும் 1,000 பேரை எடுக்கிறார்கள். தேர்வானால் யு.பி.எஸ்.சி. (ஐ.ஏ.எஸ். தேர்வு) முதல்நிலைக்குப் படிக்க மாதம் 7,500 ரூபாய், பத்து மாதம். முதல்நிலை தேறினால் 25,000. கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தில் அரசின் அண்ணா நூற்றாண்டு குடிமைப்பணிப் பயிற்சி மையமும் இருக்கிறது, அதற்கும் நுழைவுத் தேர்வு உண்டு.

டி.சி. வாங்கப் போகும் அன்றே தமிழ்வழிச் சான்றும் கேட்டு வாங்குங்கள். தொடக்கப் பள்ளி வேறு, மேல்நிலைப் பள்ளி வேறு என்றால் ஒவ்வொரு தலைமையாசிரியரிடமும் தனித்தனியாக, எந்த வகுப்பிலிருந்து எந்த வகுப்பு வரை என்று டி.என்.பி.எஸ்.சி. படிவத்திலேயே எழுதி, கையெழுத்தும் முத்திரையும் இருக்க வேண்டும். ஒரே ஒரு வகுப்பு விடுபட்டாலும் சான்றிதழ் சரிபார்ப்பில் ஏற்க மாட்டார்கள்.