தலைசுற்றலுக்குக் காது மருத்துவரா?

வணக்கம். வலப்புறம் புரண்டு படுத்தால் மட்டும் அறையே சுழல்கிறது, அரை நிமிடத்தில் அடங்கிவிடுகிறது, இதற்குப் போய்க் காது மூக்கு தொண்டை மருத்துவரா என்று கேட்டிருக்கிறீர்கள். சரியான இடத்துக்குத்தான் அனுப்பியிருக்கிறார்கள். உடலின் சமநிலையைக் காக்கும் உறுப்பு உள்காதில் இருக்கிறது. அங்குள்ள நுண்ணிய சுண்ணாம்புத் துகள்கள் இடம்பெயர்ந்து அரைவட்டக் குழலுக்குள் புகுந்துவிட்டால் இப்படித்தான் சுற்றும்.

மருத்துவர் உங்கள் தலையை 45 பாகை திருப்பி, சட்டென்று மல்லாக்கச் சாய்த்து, விழிகள் துடிக்கின்றனவா என்று பார்ப்பார். பயமாகத்தான் இருக்கும், கண்ணை மட்டும் மூடிவிடாதீர்கள். கழுத்தெலும்புத் தேய்மானம் இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். நோய் உறுதியானால், எப்லி முறையில் தலையைப் படிப்படியாகத் திருப்பியே துகள்களைப் பழைய இடத்துக்கு அனுப்பிவிடுவார். பலருக்கு ஓரிரு முறையிலேயே குணமாகிறது. இதை விட்டுவிட்டு மாதக்கணக்கில் மாத்திரை விழுங்குவதில் எனக்கு உடன்பாடில்லை.

இத்துறையினர் அறுவை சிகிச்சையும் பயின்றவர்கள். சைனஸ், குரல்நாண், கழுத்துக் கட்டி என்று ஒவ்வொருவரும் ஒன்றில் கூடுதலாக ஊன்றியிருப்பார்கள். ஆகவே முன்பதிவு செய்யும்போதே, தலைசுற்றல் நோயாளிகளை வழக்கமாகப் பார்ப்பவரா என்று விசாரியுங்கள்.

பேச்சுக் குழறலோ, இரட்டைப் பார்வையோ, கைகால் பலவீனமோ சேர்ந்து வந்தால் முன்பதிவுக்குக் காத்திருக்காமல் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள்.