லெஸ்டர் வாடகை வீட்டுக்குப் பவர்லைனா, வைஃபையா? காட்பாடி வீட்டுக்கு?

தம்பி, கேட்டது இரண்டு கேள்வி. இங்கிலாந்தின் லெஸ்டரில் ரவுட்டர் கீழ் முன்னறையில், வேலை மேசை மாடிப் பின்னறையில், வீட்டுக்காரர் சுவரில் ஓட்டை போட விடமாட்டார். கரண்ட் வயர் வழியே நெட் அனுப்பும் பவர்லைன் அடாப்டர் ஜோடி வாங்கலாமா, வைஃபை போதுமா என்பது ஒன்று. அதே ஜோடியைக் காட்பாடியில் அப்பா அம்மாவுக்கும் அனுப்பலாமா என்பது மற்றொன்று. இரண்டாவதற்கு இப்போதே பதில்: வேண்டாம். காரணம் கீழே.

முதலில் செலவில்லாத வேலை. டிவிக்குப் பின்னால் முடங்கிக் கிடக்கும் ரவுட்டரை வெளியே எடுத்து உயரமாக வையுங்கள். மாடியறையிலிருந்து ரவுட்டர் முகவரிக்குப் பத்து நிமிடம் பிங் (பதில் வர எவ்வளவு நேரம் என்று பார்க்கும் சோதனை) ஓடட்டும். பதில் எப்போதும் சில மில்லிசெகண்டிலேயே வந்தால் எதுவும் வாங்க வேண்டாம். நடுநடுவே 200, 300 என்று தாவினால் மீட்டிங்கில் குரல் அறுபடும் காரணம் அதுதான். வேகம் குறைவதைவிட இந்தத் தாவல்தான் வேலையைக் கெடுக்கும்.

பவர்லைன் என்பது சுவருக்குள் ஓடும் கரண்ட் வயரிலேயே டேட்டாவையும் அனுப்புவது. அதனால் நல்லதும் கெட்டதும் அந்த வயரைப் பொறுத்தது. டப்பாவில் ‘ஏவி 1000’ என்றிருக்கும் வேகம், போக்கும் வரவும் சேர்த்துச் சொல்லும் ஏட்டுக் கணக்கு. வீட்டில் 100, 150 எம்பிபிஎஸ் வந்தாலே நல்ல வயரிங் என்று வைத்துக்கொள்ளலாம். மலிவான மாடல்கள் பலவற்றில் கேபிள் செருகும் ஈதர்நெட் போர்ட்டே 100 எம்பிபிஎஸ்தான், கிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) போர்ட் உள்ளதையே பாருங்கள்.

இங்கிலாந்து வீடுகளில் பெரும்பாலும் மாடிக்கும் கீழ்த்தளத்துக்கும் தனித்தனி சர்க்யூட். சிக்னல் மீட்டர் பக்கத்து ஃபியூஸ் பெட்டி வரை போய்த் திரும்பி வர வேண்டும். பெட்டியில் ஏஎஃப்டிடி வகை (வயரில் தீப்பொறி எழுந்தால் கரண்டை நிறுத்தும்) பிரேக்கர் இருந்தால் அங்கேயே நொண்டலாம். அடாப்டரை நேராகச் சுவர் பிளக்கில் செருகுங்கள். எக்ஸ்டென்ஷன் போர்டில் செருகினால், அதுவும் சர்ஜ் தடுப்பு உள்ளதில், பாதி சிக்னலை அதுவே விழுங்கிவிடும். பக்கத்து பிளக்கில் போன் சார்ஜரும் வேண்டாம். இரண்டிலும் இணைப்புப் பொத்தானை இரண்டு நிமிடத்துக்குள் அழுத்திப் புதிய சங்கேதச் சாவி உண்டாக்குங்கள். பழைய சாவியோடு விட்டால் பக்கத்து வீட்டு அடாப்டரோடும் பேசக்கூடும். இணையம் செம்புத் தொலைபேசிக் கம்பியில் வந்தால் இன்னொரு வம்பு: பவர்லைனும், அந்தக் கம்பியில் இணையம் கொண்டுவரும் விடிஎஸ்எல்லும் ஒரே அலைவரிசைப் பகுதியில் ஓடுவதால் லைன் அடிக்கடி அறுந்து விழலாம். வீடு வரை ஃபைபரே வந்தால் இந்தத் தொல்லை இல்லை.

வாங்கும் முன் யாராலும் அடித்துச் சொல்ல முடியாத பொருள் இது. ஆன்லைனில் வாங்கினால் கைக்கு வந்து 14 நாளுக்குள் திருப்ப அங்கே சட்டப்படி உரிமை உண்டு. வாஷிங் மெஷின் ஓடும்போதும் பிங் பாருங்கள். சரிப்படாவிட்டால் திருப்பிவிட்டு மெஷ் (வைஃபையை அடுத்தடுத்துக் கைமாற்றிக் கொண்டுபோகும் பெட்டிகள்) வாங்கலாம். மெஷ் பெட்டியைச் சிக்னல் செத்த அறையில் வைப்பதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. சிக்னல் இன்னும் நன்றாக இருக்கும் பாதி வழியில், மாடிப்படி முடிவில் வையுங்கள்.

என்னைக் கேட்டால் இரண்டுக்கும் முன் மூன்றாவதொன்று: 20 மீட்டர் தட்டைக் கேட் 6 நெட்வொர்க் கேபிள், படிக்கட்டு ஓரமாக, ஒட்டுகிற கிளிப்பில். கதவுக்கடியில் நுழையும், ஓட்டை வேண்டாம், காலி செய்யும்போது சுருட்டி எடுத்துக்கொள்ளலாம்.

இனி காட்பாடி. அங்கத்திய பிளக் நம்மூர் உருண்டைப் பின் பாயிண்டில் ஏறாது. மாற்று பிளக் போட்டுச் சமாளிக்கலாம், அது சின்னப் பிரச்சினை. மூன்று ஃபேஸ் வந்திருந்தால் கீழே ஒரு ஃபேஸ், மாடியில் வேறு ஃபேஸாக இருக்கலாம், அப்போது சிக்னல் தாண்டுவது கஷ்டம். அதற்கு மேல் இன்வெர்ட்டர் லைன். ரவுட்டர் அதில், அடாப்டர் ஒன்று நேரடி இபி லைனில் என்றால், கரண்ட் போன மறுநிமிடம் மாடியில் நெட் இல்லை. வைஃபையும் கான்கிரீட் தளத்தைத் தாண்டி மேலே சரியாக ஏறாது, அதன் 5 கிகாஹெர்ட்ஸ் அலை இன்னும் மோசம்.

சொந்த வீடு, ஓட்டை போட யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஃபைபர் மாட்டிய பையனையோ, எலக்ட்ரீஷியனையோ கூப்பிட்டு மாடிக்கு ஒரு கேட் 6 இழுக்கச் சொல்லுங்கள். முழுச் செம்பா என்று கேட்டு வாங்கட்டும், அலுமினியத்துக்குச் செம்பு பூசியதும் கடையில் கிடைக்கிறது. வெளிச்சுவரில் போனால் பிவிசி பைப்புக்குள்தான் போக வேண்டும், வேலூர் வெயிலில் வெறும் உறை வெடித்துவிடும். மேலே அந்தக் கேபிள் முனையில் ஒரு ஆக்சஸ் பாயிண்ட் (வைஃபை கொடுக்கும் பெட்டி). அதன் பிளக்கும் ரவுட்டர் பிளக்கும் இரண்டுமே இன்வெர்ட்டர் லைனில் இருக்கட்டும்.