புது டிவி வாங்கும் முன்

வணக்கம். ஃபோர்ஸா ஹொரைசன் 5 கார் பந்தய விளையாட்டை, படத்தின் தெளிவுக்கு முதலிடம் தரும் குவாலிட்டி மோடில் ஓட்டினால் படம் அள்ளுகிறது, ஆனால் வளைவில் பிரேக் தாமதமாகப் பிடிக்கிறது, அரை மணி நேரத்தில் தலை சுற்றுகிறது, புது டிவி வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்பட்டு சிம் லிம் ஸ்கொயர் மின்னணுக் கடைத்தொகுதிக்குக் கிளம்பாதீர்கள்.

உங்கள் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் கேம் கருவியில் குவாலிட்டி மோட் நொடிக்கு 30 ஃபிரேம், அதாவது 30 படம் காட்டும்; சீரான ஓட்டத்துக்கு முதலிடம் தரும் பெர்ஃபார்மன்ஸ் மோட் 60. மணிக்கு 300 கிலோமீட்டரில் போகும் கார் ஒரு நொடியில் 83 மீட்டர் தாண்டிவிடும். 30-ல் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே ஏறக்குறைய 2.8 மீட்டர், 60-ல் 1.4. நீங்கள் பிரேக்கை அழுத்தியது திரையில் தெரியவும் அதற்கேற்ப நேரமாகும்.

மரினா பே ஃபார்முலா 1 இரவுப் பந்தயத்தை வேலியோரம் நின்று பார்த்திருக்கிறீர்களா? விளக்கொளி காரின் மேல் வழுக்கிக்கொண்டே ஓடும், எங்கேயும் வெட்டாது. தத்ரூபம் என்றால் எனக்கு முதலில் அந்த ஓட்டம்தான். பளபளப்பெல்லாம் அப்புறம்.

அதனால் இன்றைக்கே பெர்ஃபார்மன்ஸுக்கு மாற்றுங்கள். டிவியில் தாமதத்தைக் குறைக்கும் கேம் மோடைப் போட்டு, மோஷன் ஸ்மூத்திங்கை அணைத்துவிடுங்கள். அது நடுவில் தானாகவே படங்களை உருவாக்கிச் சேர்ப்பதால் எல்லாமே இன்னும் தாமதமாகத்தான் வரும். அப்படியும் தலை சுற்றினால் விளையாட்டில் மோஷன் பிளரை, அதாவது வேகத்தில் படம் மங்கித் தெரியும் விளைவைக் குறைத்து, காருக்குப் பின்னாலிருந்து பார்க்கும் கேமராவில் ஓட்டிப் பாருங்கள். விளையாட்டுக்குள் புகைப்படம் எடுக்க ஆசை வந்தால் மட்டும் குவாலிட்டிக்குத் திரும்புங்கள்.