ஒருவர் பாரமும் அவரவர் சுமையும்

அன்புள்ள ஐயா,

எங்கள் சபையின் உதவிக்குழுவில் இருக்கிறேன். ஒரு சகோதரர் மூன்றாம் முறையாகப் பணம் கேட்கிறார். மனைவியின் ஆபரேஷனுக்காகப் பத்து வட்டிக்கு வாங்கிய 50,000 ரூபாய் இன்னும் நிற்கிறது. இப்போது மகனின் பைக் தவணையும் சேர்ந்துவிட்டது. முன்பு இரண்டு தடவை 5,000 கொடுத்தோம். குழுவில் பாதிப்பேர் 'ஒருவர் பாரத்தை ஒருவர் சுமந்து' (கலாத்தியர் 6:2) என்கிறார்கள், மீதிப்பேர் 'அவனவன் தன்தன் பாரத்தைச் சுமப்பானே' (6:5) என்கிறார்கள். எது சரி?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நம் பழைய வேதாகம மொழிபெயர்ப்பில் இரண்டு இடத்திலும் 'பாரம்'தான். மூலமொழியான கிரேக்கத்தில் முதலாவது 'பாரோஸ்', அழுத்துகிற கனம். திராட்சத்தோட்டக் கூலியாட்கள் முறையிடும் பகலின் கஷ்டத்துக்கும் (மத்தேயு 20:12) அதே சொல். இரண்டாவது 'ஃபோர்டியோன்', ஒருவர் எடுத்துச் செல்லும் சுமை. 'என் சுமை இலகுவாயும் இருக்கிறது' (மத்தேயு 11:30) என்ற இடத்தில் இருப்பது இதுதான். அங்கே 'சுமை' என்றவர்கள் கலாத்தியரிலும் அப்படியே எழுதியிருக்கலாம். ஆனால் சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு தீர்ப்புச் சொல்லிவிட முடியாது: பரிசேயர் மனுஷர் தோள்மேல் ஏற்றும் பாரமான சுமைகளுக்கும் (மத்தேயு 23:4) 'ஃபோர்டியோன்'தான்.

அதைவிட, கலாத்தியர் 6இல் 3, 4ஆம் வசனங்களைப் படியுங்கள். தவறினவனைத் தூக்கிவிடப் போகிறவன் தன்னை ஏதோ என்று எண்ணாமல், தன் கிரியையைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்கிறார் பவுல். அதன் தொடர்ச்சிதான் 5ஆம் வசனம். அது உங்கள் குழுவைப் பார்த்துச் சொன்னது. கேட்டு வந்தவரைத் திருப்பி அனுப்ப அல்ல. அவருடைய பொறுப்பைப் பேச 2 தெசலோனிக்கேயர் 3:10 இருக்கிறது. அங்கேயும் 'வேலைசெய்ய மனதில்லாதிருந்தால்' என்றுதான் இருக்கிறது, முடியாதிருந்தால் என்று இல்லை.

இனி கணக்கு. 50,000க்குப் பத்து வட்டி என்றால் மாதம் 5,000. நீங்கள் கொடுத்தது இரண்டு மாத வட்டியில் கரைந்திருக்கும், அசல் அசையாது. மூன்றாம் முறையும் கையில் கொடுத்தால் அதே கதைதான். இருவராக வீட்டுக்குப் போய், மனைவியையும் உட்காரவைத்து, யாரிடம் எவ்வளவு, என்ன வட்டி, இதுவரை கட்டியது எவ்வளவு என்று ஒரே தாளில் எழுதுங்கள். பைக்கை அன்றைக்கு எழுதாமல் மறைப்பார்கள், மறுபடி கேளுங்கள்.

வட்டிக்காரரிடம் இதுவரை கட்டியதைக் காட்டிப் பேசுங்கள். தமிழ்நாட்டில் கந்துவட்டிக்கு எதிராக 2003ஆம் ஆண்டுச் சட்டம் இருப்பது அவருக்கும் தெரியும். தொகை முடிவானால் அதைச் சபை நேரடியாகக் கட்டட்டும். புரோநோட்டும், கையெழுத்துப் போட்டுக் கொடுத்த வெற்றுக் காசோலையும் கைக்கு வராமல் பணத்தை எண்ணி வைக்காதீர்கள். பலரும் கோட்டை விடுவது இங்கேதான். ஆறு மாதம் கழித்து அதே காசோலை வங்கிக்குப் போகும்.

பைக் தவணைக்குச் சபைப் பணம் வேண்டாம். மகன் சம்பாதித்தால் அவர் கட்டட்டும், இல்லையென்றால் வண்டியை விற்கட்டும். விதவைகள் காரியத்திலேயே, முதலில் பிள்ளைகளும் பேரன்களும் பார்க்கட்டும், பிறகு சபை என்றுதான் 1 தீமோத்தேயு 5 சொல்கிறது.

குழுவில் யாரும் தனியாகக் கைமாற்று கொடுக்காதீர்கள். திருப்பித் தர முடியாதவர் முதலில் ஆராதனைக்கு வருவதை நிறுத்துவார். அவர் பெயரை ஜெபக்குறிப்பிலும் போடாதீர்கள். ஊர் முழுக்கத் தெரிய அதைவிடக் குறுக்குவழி இல்லை.